மகள் பேரைச் சொல்லி

"தண்ணி நின்னு போச்சு! சீக்கிரம்!"

மாடிப்படி அடியில் நின்று மார்லிஸ் குரலை அடக்கிக்கொண்டு கத்தினாள். மேலே குளியலறையில் குழாய்ச் சத்தம் சட்டென்று அறுந்திருந்தது. பேஸ்மென்ட் படிகளில் பாதி ஏறி வந்திருந்த ஆர்விட், போர்வையில் சுருட்டிய இரண்டு ரைஃபிள்களைத் தூங்குகிற குழந்தையைப் போல மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"உன்னோடது ஒண்ணுதான் பாக்கி."

மார்லிஸ் பேஸ்மென்ட் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அதையும் எடுத்துக்கோ. நான் போய் அவகிட்ட பேச்சுக் குடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

குளியலறைக் கதவைத் தட்டினாள். "பிரிட்டா, ஹேர் டிரையர் வேணுமாடி?"

"அம்மா, எனக்கு முப்பத்தி நாலு வயசு."

"அதனால தலை ஈரமா இருந்தா சளி பிடிக்காதா?"

"மினியாப்பொலிஸ்ல தலை ஈரமா இருந்தப்ப யாரும்மா வந்து கதவைத் தட்டினாங்க?"

கீழே வலைக்கதவு படீரென்று அடித்துக்கொண்டது.

"என்ன சத்தம்?"

"உங்கப்பா குப்பை போடப் போறாரு."

"சனிக்கிழமையிலயா?"

மார்லிஸ் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆர்விட் பிக்கப் வண்டியின் பின்பக்கம் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். தார்ப்பாய்க்கு வெளியே ஒரு நீல உறை நீட்டிக்கொண்டிருந்தது. அது அவளுடையது. கல்யாணத்தன்று அவள் அப்பா அவளுக்கென்று கொடுத்த இருபது கேஜ் வேட்டைத் துப்பாக்கி. புடவையோடு நகை வைத்துக் கொடுக்கிற ஊர்கள் இருக்கலாம். விஸ்கான்சினின் இந்த மூலையில் மகளுக்கு அப்பா துப்பாக்கிதான் கொடுப்பார்.

அது அவள் கண்ணெதிரே திருட்டுச் சாமானைப் போல வீட்டை விட்டுப் போனது.

பிரிட்டா மினியாப்பொலிஸிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கி மூன்று வாரம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். வந்ததிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது.

போன ஞாயிறு காலையில்தான் ஆர்விட் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "துப்பாக்கிங்க எல்லாம் வீட்டை விட்டுப் போகணும்," என்றார்.

மார்லிஸ் தன் காதை நம்பவில்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் ஆர்விட் டொலெஃப்சன். குண்டு இருக்கிறதோ இல்லையோ, இருக்கிறது என்றே நினைத்துக் கையாள வேண்டும் என்று அவர் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது.

"பூட்டி வெச்சா போதாதா?" என்று கேட்டாள்.

"சாவி மான் கொம்புல தொங்குது. இந்த வீட்டுல அது யாருக்குத் தெரியாது?"

"சாவியை வேற இடத்துல வையேன். இன்னும் ரெண்டு வாரத்துல மான் வேட்டை சீசன் ஆரம்பம். துப்பாக்கி இல்லாத வீடுன்னு நாம எப்ப இருந்திருக்கோம், ஆர்விட்? நாலு பேரு ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

ஆர்விட் ஜன்னல் பக்கம் பார்த்தார். "துப்பாக்கி அலமாரி முன்னாடி அவ நிக்கறதைப் பாத்தேன்," என்றார்.

அதற்கு மேல் மார்லிஸ் வாதாடவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமும் இல்லை. மகள் அறையில் கட்டில் கிரீச்சிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

இப்போது பிக்கப் கிளம்பிப் போவதைப் பார்த்தபோது அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொந்த மகளுக்குத் தெரியாமல் சொந்த வீட்டைக் கொள்ளையடித்தது போலத்தான் இருந்தது.

* * *

ஓரின் ஸ்கார் தன் கொட்டகை வாசலில் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டைகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சோப்பு வாசனை போனால்தான் மான் கிட்டே வரும் என்பது அவர் கட்சி. ஆர்விட்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சிநேகிதர். குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டகம் அவரிடம் இருந்தது.

தார்ப்பாயை விலக்கியதும் ஓரின் சீட்டி அடித்தார்.

"என்னடா இது? இன்னும் ஒரு வாரத்துல சீசன். மொத்தத்தையும் கொண்டாந்து என் தலையில கட்டறே. மார்லிஸ் உன்னைச் சுட வந்துட்டாளா? பாவம், அவளும் எத்தனை வருஷம்தான் பொறுத்துக்குவா!"

ஆர்விட் சிரிக்கவில்லை.

"கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்."

"இருக்கட்டும். ஆனா ஏன்டா?"

காற்றில் ஆரஞ்சுச் சட்டைகள் படபடத்தன. ஆர்விட் தொப்பியைக் கழற்றினார். உள்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"பிரிட்டா," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஓரினின் முகத்தில் இருந்த கிண்டல் வடிந்து போயிற்று. ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்தார். பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் திறந்து, குண்டு இல்லையென்று பார்த்து, உள்ளே கொண்டு போனார். கடைசியில் நீல உறையை எடுத்தபோது, "மார்லிஸோடதுமா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாமும்."

"அடுத்த சனிக்கிழமை வேட்டை முகாமுக்கு வருவேல்ல? அன்னைக்கு உன்னோடதை எடுத்துக்கோ. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடு."

"இந்த வருஷம் நான் வரலைடா."

ஓரின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது. நீ நல்ல அப்பன்டா."

ஆர்விட்டின் காது மடல்கள் சிவந்தன. நன்றி சொல்லாமலே வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

ஓரின் சொன்னால் சொன்னதுதான். வாய் திறக்கிறவர் இல்லை. ஆனால் கொட்டகைக்கு நேர் எதிரே சமையலறை ஜன்னல் பாதி திறந்திருந்தது. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி ஐலா, கையில் இருந்த தட்டைத் துடைக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

* * *

மத்தியானம் எதிர்பாராத ஒன்று நடந்தது. பிரிட்டா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"நானும் சர்ச்சுக்கு வரேன். மீன் விருந்துக்கு ஆள் பத்தலைன்னு சொன்னியே."

மார்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "அந்த மீன் நாத்தம் உம்மேல ஒட்டிக்கும், பரவாயில்லையா?" என்றாள்.

"மூணு வாரம் குளிக்காமக் கெடந்தேன். என் நாத்தத்துக்கு அது ஒண்ணும் மோசமில்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

நவம்பரில் மான் சீசனுக்கு முந்தின சனிக்கிழமை எல்க் ஹாலோ சர்ச்சில் லூட்டஃபிஸ்க் விருந்து. காய்ந்த மீனை நாள் கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, உருக்கிய வெண்ணெயை அதன் தலையில் கொட்டுவார்கள். நார்வேயிலிருந்து வந்த தாத்தாக்களின் பேரைக் காப்பாற்றுவதற்காக அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் தின்பார்கள். பின்பக்கக் கொட்டகையில் ஆண்கள் மீன் வேகவைக்க, அடித்தளச் சமையலறையில் பெண்கள் மற்றதையெல்லாம் செய்வார்கள்.

பிரிட்டா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தாள். கத்தி நல்ல கூர். ஒரு கோஸ் முடிந்தது. இரண்டாவதைப் பாதியாக வெட்டினபோது, பக்கத்தில் வந்து நின்ற ஐலா அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தாள்.

"அதைக் குடு, கண்ணு. நான் பாத்துக்கறேன்."

"நான் நல்லாத்தானே நறுக்கறேன், ஐலா ஆன்ட்டி?"

"நல்லாத்தான் நறுக்கறே. ஆனாலும் நீ நாப்கின் மடிச்சுக் குடேன். உக்காந்த எடத்துலயே செய்யலாம்."

கத்தி கைமாறியது. சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவர்கள், ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வேலையைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பிரிட்டா கவனித்தாள். மேஜை மேல் கிடந்த மற்ற கத்திகளையும் காணோம்.

ஒன்றாகப் படித்த டான்யா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். விடவேயில்லை.

"எப்ப வேணா எனக்கு போன் பண்ணு. நடுராத்திரின்னாலும் சரி."

"எதுக்குடி?"

"சும்மா... பேசணும்னு தோணிச்சுன்னா. எங்க சித்தப்பா விஷயத்துல நாங்க யாருமே கவனிக்கலை. உங்கப்பா கவனிச்சாரே, அது பெரிய விஷயம். தன் கையாலேயே எல்லாத்தையும் கொண்டு போய்க் குடுத்திருக்காரு, பாவம்."

"எதைக் கொண்டு போய்க் குடுத்தாரு?"

டான்யா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐலா கத்தியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரிட்டாவுக்குக் கழுத்திலிருந்து நெற்றி வரை சூடு ஏறியது. காலையில் அடித்துக்கொண்ட வலைக்கதவு. ஹேர் டிரையர். சனிக்கிழமைக் குப்பை.

நேராகப் போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கோட்டுகள் மாட்டும் அறையில், ஈரக் கம்பளி வாசனைக்கு நடுவில் நிறுத்தினாள்.

"துப்பாக்கியெல்லாம் எங்கே?"

மார்லிஸ் தலையைக் குனிந்தாள்.

"ஊரு முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை. ஒரு கோஸ் வெட்ட என்னை நம்ப மாட்டேங்கறாங்கம்மா!"

"ஓரின் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாரு..."

"அதுவா இப்ப கேள்வி? நான் சாகப் போறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

அந்த வார்த்தை அந்தச் சின்ன அறையில் இடித்துக்கொண்டு நின்றது. மார்லிஸ் யாருடைய கோட்டுக் கையையோ பிடித்துக்கொண்டாள்.

"அப்பாதான்... நீ அந்த அலமாரி முன்னாடி நின்னதைப் பாத்தாராம்."

பிரிட்டா முழித்தாள். "என்னையா?"

"பாத்தேன்னு சொன்னாரு."

"எந்த அலமாரி? பேஸ்மென்ட்லயா? வந்ததுலேருந்து நான் பேஸ்மென்ட்டுக்கே போகலைம்மா!"

* * *

பின்பக்கக் கொட்டகையில் ஆவி மண்டிக் கிடந்தது. பெரிய பெரிய அண்டாக்களைச் சுற்றி ஆண்கள் ரப்பர் ஏப்ரனில் நின்றார்கள். யாரோ மீனைப் பற்றிக் கெட்ட ஜோக் ஒன்று அடித்து முடித்திருந்தார்கள். பிரிட்டா உள்ளே வந்ததும் சிரிப்பு அணைந்தது.

"அப்பா."

ஆர்விட் அண்டாவிலிருந்து நிமிர்ந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னைக்குப் பாத்தீங்க என்னை?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், பிரிட்டா."

"வீட்டுல யாருப்பா பேசினாங்க? வெளியிலதானே பேசினீங்க. இங்கேயே சொல்லுங்க. என்னைக்கு? நான் என்ன சட்டை போட்டிருந்தேன்?"

ஆண்கள் எல்லோரும் கொதிக்கிற தண்ணீரையே பார்த்தார்கள். ஆர்விட்டின் கையில் இருந்த கரண்டியிலிருந்து நீர் சொட்டியது.

"ஒருவேளை நான் தப்பாப் பாத்திருப்பேன்," என்றார்.

அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. அந்தப் பதிலை ஒருவரும் நம்பவில்லை. மகளின் மானத்தைக் காப்பாற்ற அப்பன் சொல்கிற பொய் என்று அத்தனை பேருக்கும் அது பட்டது. ஓரின் முன்னால் வந்தார்.

"அம்மாடி, அப்பன் மேல கோவிச்சுக்காதே. உன் மேல இருக்கிற பாசத்துலதான் செஞ்சாரு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. நாங்கல்லாம் உன் பக்கம்தான்."

"எனக்கு ஒண்ணுமேயில்லை, ஓரின் அங்கிள்."

"சரிம்மா. சரி." குழந்தையிடம் பேசுகிற குரல்.

பிரிட்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளை அந்தப் பரிதாபப் பார்வைகளிலிருந்து இறக்கிவிடலாம். அவர் உதடு அசைந்ததைக்கூட அவள் பார்த்தாள்.

ஆர்விட் ரப்பர் ஏப்ரனை அவிழ்த்தார். ஆணியில் மாட்டினார். யாரையும் பார்க்காமல் பின்வழியாக வெளியே போய் பிக்கப்பைக் கிளப்பினார்.

"பாவம், மனுஷன் தாங்க மாட்டாரு," என்று யாரோ ஆவிக்குள்ளிருந்து சொன்னார்கள்.

* * *

காரை மார்லிஸ் ஓட்டினாள். மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் வானம் இருண்டு வந்துகொண்டிருந்தது. அறுவடை முடிந்த சோளக் காடுகள் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன.

"நான் அழுதேன்," என்றாள் பிரிட்டா. "புருஷன் விட்டுட்டுப் போனா அழ மாட்டாங்களா? மூணு வாரம் அழுதேன். முடிஞ்சுது. இன்னைக்குக் காலையில கண்ணாடியில என்னைப் பாத்தேன், எனக்கே சகிக்கலை, குளிச்சேன். அவ்வளவுதான்மா. அழறது வேற, அது வேற."

"தெரியும்டி."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பே."

மார்லிஸ் கார் விளக்கைப் போட்டாள். கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்பதைவிடத் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு போவது சுலபமாக இருந்தது.

"எனக்குப் புரியாதது ஒண்ணுதான்," பிரிட்டா சொன்னாள். "அப்பா பொய் சொல்றவர் இல்லை. மீன் பிடிச்சா அளவைக்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டாரு. அலமாரி முன்னாடி ஒருத்தர் நின்னதைப் பாத்தேன்னு சொன்னா, யாரோ நின்னிருக்கணும். உனக்கு அங்கே என்ன வேலை?"

"துணி தோய்க்கப் போவேன். அந்தப் பக்கம் போக மாட்டேன்."

"நான் இல்லை. நீ இல்லை."

கார் சிறிது தூரம் ஓடியது.

மார்லிஸின் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. வசந்தத்தில் மாடுகளை விற்ற நாளிலிருந்து ஆர்விட் செய்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண் முன்னே வந்தது. மாடே இல்லாத கொட்டகைக்கு விடியுமுன் எழுந்து போகிறார். பம்பைப் பார்க்கிறேன் என்கிறார். கறந்த பாலைச் சேர்த்து வைக்கும் பால் அறையில் விளக்கு எரிகிறது. பக்கத்தில் படுத்திருக்கிறவர் முழித்துக்கொண்டே படுத்திருக்கிறார். இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கவலையெல்லாம் மகளின் கட்டில் கிரீச்சிடுகிறதா என்பதில்தான்.

"வீட்டுல இப்ப ஒண்ணும் இல்லைதானே?" பிரிட்டாவின் குரல் மாறியிருந்தது. "எல்லாத்தையும் குடுத்தாச்சுல்ல?"

"எல்லாத்தையும்..." என்று ஆரம்பித்த மார்லிஸ் நிறுத்தினாள்.

பால் அறைச் சுவரில் ஒன்று தொங்குகிறது. ரக்கூன்களை விரட்ட, விழுந்து எழ முடியாத பசுவைக் கஷ்டப்படாமல் அனுப்ப வைத்திருக்கிற சின்ன ரைஃபிள். இந்த ஊர்ப் பண்ணைகளில் அதை யாரும் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மண்வெட்டி, கோடாலி மாதிரி அதுவும் ஒரு சாமான். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று யார் கேட்டாலும் அது யார் நினைவுக்கும் வராது. அவளுக்கும் இந்த ஒரு வாரத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

"அம்மா, என்ன?"

"இன்னொண்ணு இருக்கு."

* * *

பிக்கப்பின் கதவு திறந்தபடியே நின்றது. பால் அறையில் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள். மார்லிஸ் முன்னால் ஓடினாள். அந்த வயதில் தன்னால் அப்படி ஓட முடியும் என்று அவளுக்கே தெரியாது.

"ஆர்விட்!"

வெறுமையான எஃகுப் பால் தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கால் மேல் விரித்தபடி இருந்தன. அந்தச் சின்ன ரைஃபிள் சுவரில் அதன் ஆணியிலேயே தொங்கியது.

"அதை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார். "நான் தொடலை. தொடக் கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன்."

மார்லிஸ் எட்டி அதை எடுத்தாள். அவள் விரல்களுக்கு வேலை தெரியும். திறந்து, குண்டுகளைக் கொட்டி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"மத்ததோட சேத்து இதையும் ஓரின்கிட்ட குடுத்திருக்கலாமே, ஆர்விட்?"

"குடுத்தா அவனுக்குப் புரிஞ்சிருக்கும்."

"என்ன புரிஞ்சிருக்கும்?"

"பிரிட்டா மாட்டுக்கொட்டகைக்கே வர மாட்டா. சின்ன வயசுலேருந்து அவளுக்கு இந்த வாசனை ஆகாது. அது ஊருக்கே தெரியும்." ஆர்விட் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பால் அறைக்கு வர்றவன் நான் ஒருத்தன்தான்."

பிரிட்டா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அலமாரி முன்னாடி நின்னது நீங்களாப்பா?" பிரிட்டா கேட்டாள்.

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"அப்ப ஏன் என் பேரு?"

"உன் பேரைச் சொன்னா அடுத்த கேள்வி வராதுன்னு தெரியும். புருஷன் விட்டுட்டுப் போன பொண்ணு, எல்லாரும் நம்புவாங்க. என் பேரைச் சொன்னா... நான் வகுப்பு எடுக்கறவன், பிரிட்டா. அவங்க பிள்ளைங்க கையில துப்பாக்கியைக் குடுத்தவன். ஆர்விட்டைத் துப்பாக்கியோட வீட்டுல விட முடியாதுன்னு அவங்க வாயால கேக்க எனக்குத் தைரியம் இல்லை. அதான் பெத்த பொண்ணு பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். இன்னைக்கு நீ எல்லார் முன்னாடியும் கேட்டப்பகூட..."

பிரிட்டா அழவில்லை. அவள் முகத்தில் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த வாசனை ஆகாத அறைக்குள் இரண்டடி வந்து, ஈரத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட போகணும். திங்கட்கிழமையே. நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

"சரிம்மா."

"ஊர்ல நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அம்மாவும் சொல்ல மாட்டா."

வெளியே கற்கள் நெரிய ஒரு வண்டி வாசலுக்குள் திரும்பியது. அதன் விளக்கு வெளிச்சம் பால் அறை ஜன்னலைத் தடவிக்கொண்டு போயிற்று. வண்டிக் கதவு திறந்தது. "ஆர்விட்! எங்கேடா இருக்கே?" என்று ஓரினின் குரல் முற்றத்தில் கேட்டது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்லிஸ் வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். பிரிட்டா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க," என்றாள் அப்பாவிடம். "எவ்வளவு நாளா இப்படி?"

"மாட்டை வித்ததுலேருந்து."

"நான் வந்ததுனால இல்லையே? வந்து உங்க பாரத்தை நான் கூட்டலையே?"

ஆர்விட் முதல் தடவையாக நிமிர்ந்து மகளின் கண்ணைப் பார்த்தார்.

"நீ வீட்டுக்கு வரேன்னு போன் பண்ணினியே, அன்னைக்குச் சாயங்காலம் நான் இங்கேதான் உக்காந்திருந்தேன்," என்றார். "அந்த ரைஃபிள் சுவத்துல இல்லை. பையில போன் அடிச்சுது, உன் பேரு வந்துது. எடுக்கக் கை காலியா இல்லை. கையில இருந்ததைக் கீழே வெச்சுட்டுத்தான் எடுத்தேன்."